டேங்கின் அடியில் நிற்கும் தண்ணீர்



நம் பெருநகரில் கடல் இல்லை. காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில் இருக்கும் நமக்கு ஏரி உண்டு, செய்யாறு உண்டு. டீசலில் ஓடும் படகு மட்டும் கிடையாது. ஆனாலும் இந்த இதழின் பாடத்துக்குப் படகையே எடுத்துக்கொண்டோம். டேங்கில் கிடக்கும் டீசல் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைப் படகு இன்ஜினைப் போல ஒளிவுமறைவில்லாமல் காட்டுவது வேறொன்றில்லை. அங்கே விளங்கிக்கொண்டதைப் பள்ளிவாசல் ஜெனரேட்டர், வயலில் உள்ள ஆயில் இன்ஜின், கொட்டகையில் நிற்கும் டிராக்டர், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

ஓடும் படகும் நிற்கும் படகும்

நம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் இடங்களை நினைத்துப் பாருங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலை முதல் மாலை வரை போய் வருகின்றன. அப்படி நாள் முழுவதும் ஓடும் படகில் இன்று ஊற்றிய டீசல் சில நாட்களில் எரிந்து தீர்ந்துவிடும். கெடுவதற்கு அதற்கு நேரமே இல்லை.

ஆலப்புழையின் வீட்டுப் படகு அப்படியல்ல. சீசனில் ஓய்வில்லாமல் ஓடும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் கரையோரம் கட்டிக் கிடக்கும். தனியார் வைத்திருக்கும் உல்லாசப் படகுகளோ விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஓடி, மறு விடுமுறை வரை நிற்கும்.

நம் மீனவர்களின் விசைப்படகுக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேசுவரத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அக்கினி நட்சத்திர வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்த இரண்டு மாதம் அது. அப்போது டேங்கில் அரைகுறையாக டீசல் கிடந்தால், தடைக்காலம் முடிந்து கடலுக்குப் புறப்படும் முதல் நாளில் தெரியும் அதன் விளைவு.

ஆக, டீசலைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, நிற்பதுதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் எளிது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம்தான். எனவே டேங்கில் நுழையும் தண்ணீர் டீசலோடு கலந்து நிற்காது; அடியில் போய் உட்காரும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் டீசல் பளிச்சென்று தெரியும். கீழே இருப்பது கண்ணில் படாது.

"பாதி டேங்காக விட்டால் இரவில் காற்று வியர்த்துத் தண்ணீர் சேரும்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது உண்மை. பகலில் சூடாகி விரிந்த காற்று வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்று உள்ளே வருகிறது. அந்த ஈரம் டேங்கின் சுவரில் துளியாகப் படிகிறது. ஆனால் இதன் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் 100 லிட்டர் காற்று தாங்கக்கூடிய ஈரம் மொத்தமே 3 கிராம் அளவுதான். அதிலும் ஓர் இரவில் மாறும் காற்று சிறு பங்கு. ஆகவே வியர்வை நீர் மெதுவாக, மாதக் கணக்கில் சேர்வது.

பெரிய அளவில் தண்ணீர் நுழையும் வழிகள் வேறு. படகில் டீசல் ஊற்றும் வாய் பெரும்பாலும் மேல்தளத்திலேயே பதிந்திருக்கும். அதன் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் வெயிலில் வெடித்துவிட்டால், தளத்தைக் கழுவும் தண்ணீரும் மழையும் அலையும் நேராக டேங்குக்குள் போகும். சில ரூபாய் வளையம் ஒன்று, படகையே நிறுத்திவிடும்.

நம் ஊரில் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. டிராக்டர் டேங்கின் மூடி தொலைந்துபோய், பாலித்தீன் பையும் கந்தல் துணியும் கட்டிவைத்திருப்பதை நாம் பார்த்ததில்லையா? ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் வைத்து, மேலே தகரம் போடாமல் விட்டிருப்பதையும் பார்த்திருக்கிறோம். நேற்றுத் தண்ணீர் பிடித்த கேனில் இன்று டீசல் வாங்கி வருவது இன்னொரு வழி. தண்ணீர் வந்தது எப்படி என்று தேடுவோர் காற்றைக் குறை சொல்வதற்கு முன் மூடியையும் கேனையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தண்ணீரில் முளைப்பது

தண்ணீர் மட்டும் என்றால் வடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய எல்லையில் உயிர்கள் வளர்கின்றன. சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலை உணவாக்கிக்கொள்ளும். இவற்றில் பேர்பெற்றது 'ஹார்மோகோனிஸ் ரெசினே' என்னும் பூஞ்சை. விமான எரிபொருள் டேங்குகளிலும் இது தொல்லை கொடுத்ததால் மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர் வாங்கியது.

25 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பம் இவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பம்தான். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில், வழவழப்பான பாசிப் படலம் போல இது படரும். செத்த படலம் கசடாக அடியில் சேரும். இந்த உயிர்கள் வெளியிடும் அமிலங்கள் இரும்பு டேங்கை உள்ளிருந்தே அரிக்கும். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றும்போது கறுப்புக் களி போல வழிவது பலமுறை இதுதான். "மட்ட டீசல்" என்று பங்க்காரரைத் திட்டுவதில் பாதி நேரம் நியாயமில்லை.

அலை வரும்போது நிற்பது ஏன்?

கசடும் தண்ணீரும் அடியில் அமைதியாகக் கிடக்கும் வரை இன்ஜின் ஒழுங்காக ஓடும். டீசல் உறிஞ்சும் குழாய் டேங்கின் அடியிலிருந்து சற்று உயரத்தில் இருப்பதால் தெளிந்த டீசலே இன்ஜினுக்குப் போகும். கழிமுகத்தின் அமைதியான தண்ணீரில் படகுக்கு எந்தக் குறையும் இருக்காது. முகத்துவாரத்தைத் தாண்டி அலையில் ஏறி இறங்கும்போதுதான் டேங்கின் அடி கலங்குகிறது. கசடு ஃபில்டரில் போய் அடைக்கிறது. இன்ஜின் திணறி நிற்கிறது. இன்ஜின் நின்ற படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிடும். அதைத் திருப்ப யாராலும் முடியாது. அமைதியான நேரத்தில் வராத பழுது, ஆபத்தான நேரத்தில் வருவதற்கு இதுவே காரணம். விதி என்று அதைச் சொல்லிவிட முடியாது.

நம் ஜெனரேட்டருக்கு அலை எது? புயல்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் என்ன நடக்கிறது? மாதக்கணக்கில் நின்ற ஜெனரேட்டரை முதன்முறையாக இரவு முழுக்க ஓட்டுகிறோம். காலியாகிக்கொண்டே வரும் டேங்கில் கேன் கேனாக டீசலை வேகமாக ஊற்றுகிறோம். அடியில் கிடந்தது எல்லாம் கலங்குகிறது. நள்ளிரவில் அது நின்றால், பெட்ரோமாக்ஸ் கொளுத்திச் சமாளித்துவிடலாம் என்ற நிலை இன்று இல்லை. குடிநீர் ஏற்றும் போர்வெல் மோட்டார், ஆக்சிஜன் கருவியில் மூச்சு விடும் முதியவர், வெளியூர் மகன் வந்து சேரும் வரை மய்யித்தை வைத்திருக்கும் குளிர்பெட்டி, இவை எல்லாம் அந்த ஒரு டேங்கின் அடியை நம்பியிருக்கின்றன.

டீசலும் மாறிவிட்டது, இன்ஜினும் மாறிவிட்டது

"எங்கள் வாப்பா காலத்தில் எந்தப் பாதுகாப்பும் செய்யாமலே ஆயில் இன்ஜின் ஓடியதே" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி சரிதான். அதற்குப் பதில் இரண்டு.

முதலாவது, இன்ஜின் மாறிவிட்டது. பழைய ஆயில் இன்ஜினின் பம்பு சில நூறு பார் அழுத்தத்துக்குள் டீசலைத் தெளித்தது; கொஞ்சம் அழுக்கைத் தாங்கியது. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டுகிறது. அதன் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்கள்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் அந்த நுட்பத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணலும் ஒரு துளித் தண்ணீரும் அங்கே பெரும் சேதம். ஃபில்டர் மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும் என்றால், இன்ஜெக்டரும் பம்பும் மாற்றப் பல ஆயிரங்கள் போகும்.

இரண்டாவது, டீசல் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 டீசல் வந்தது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ்.4 டீசலில் 50 பங்கு வரை இருக்கலாம். நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு இது நல்ல மாற்றம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. இதோடு தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலும் கலக்கப்பட இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் 5 சதவீதம் கலக்க இலக்கு வைத்திருக்கிறது. பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும்; பூஞ்சைக்கும் அது எளிதான உணவு. ஆகவே நாளைய டீசலை இன்றைய டீசலைவிடக் கவனமாக வைத்திருக்க வேண்டியிருக்கும்.

பாட்டில் சோதனை

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்று போதும்.

இன்ஜினை ஓட்டாமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து அரை லிட்டர் பிடியுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் பாருங்கள்.

டீசல் தெளிவாக, பாட்டிலுக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்துத் தெரியும்படி இருந்தால் நல்லது. அடியில் கோடு போட்டதுபோல் வேறொரு படிவு நின்றால் அது தண்ணீர். முழுவதும் பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்தால், தண்ணீர் நுண்துளிகளாகக் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கறுப்புத் திப்பிகளோ நூல் போன்ற படலமோ மிதந்தால் பூஞ்சை குடியேறிவிட்டது என்று பொருள்.

எங்கள் அறக்கட்டளையின் ஜெனரேட்டர் அறையில் இப்படி ஒரு பாட்டிலை நிரந்தரமாகவே வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை மாதிரி பிடித்துப் பார்த்து, தேதியையும் கண்டதையும் நோட்டில் எழுதுகிறோம். ஐந்து நிமிட வேலை.

செய்ய வேண்டியவை

1. மூடியும் அதன் ரப்பர் வளையமும் சரியாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் வளையத்தை மாற்றுங்கள். காற்றுப் போகும் குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும்.

2. நெடுநாள் நிறுத்துவதற்கு முன் டேங்கை 95 சதவீதம் நிரப்புங்கள். சூட்டில் டீசல் விரியும் என்பதால் மீதி இடம் வேண்டும். நிரப்ப வசதியில்லாத பழைய டேங்காக இருந்தால் முழுவதும் வடித்துத் துடைத்துக் காயவிடுங்கள். பாதியில் விடுவதுதான் கேடு.

3. ஆறு மாதத்துக்குள் எரிக்க முடிந்த அளவே வாங்குங்கள். முதலில் வாங்கியது முதலில் போகட்டும். பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மொத்தம் 2,500 லிட்டர் வரையே டீசல் வைத்திருக்கலாம். எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. நம்மைப் போன்றோருக்கு அவ்வளவு தேவைப்படப் போவதில்லை.

4. டீசலுக்கென்று தனி கேன் வையுங்கள். கால்வனைஸ் செய்த வாளி, டிரம் வேண்டாம். அதன் துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து ஃபில்டரை அடைக்கும். கேனின் அடியில் கடைசியாக நிற்கும் அரை லிட்டரை டேங்கில் கவிழ்க்காதீர்கள். பங்க்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் வேளையில் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. அப்போது அவர்களின் டேங்கும் கலங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் அங்கேயே தண்ணீர் சோதனை செய்துகாட்டச் சொல்லலாம். அது வாடிக்கையாளரின் உரிமை.

5. ஃபில்டருக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருந்தால் வாரம் ஒருமுறை அதன் அடித்திருகைத் திறந்து வடியுங்கள். இல்லாத இன்ஜினில் ஒன்றைப் பொருத்திக்கொள்வது வீண் செலவல்ல. நல்ல படகுகளில் இரண்டு ஃபில்டர்களை இணையாக வைத்திருப்பார்கள்; ஒன்று அடைத்தால் இன்ஜினை நிறுத்தாமலே மற்றொன்றுக்குத் திருப்பலாம்.

6. மாற்று ஃபில்டர் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். அதை மாற்றவும், மாற்றியபின் குழாயில் பிடித்த ஏரை எடுக்கவும் ஊரில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புயல் இரவில் உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக் வர மாட்டார்.

7. மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை அரை மணி நேரம், விளக்கும் மோட்டாரும் போட்டு, சுமையோடு ஓட்டுங்கள். சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்துவது ஓட்டியதாகாது.

செய்யக் கூடாதவை

பூஞ்சை பிடித்த டேங்கில் மருந்தை மட்டும் ஊற்றி விட்டுவிடாதீர்கள். செத்த படலம் முழுவதும் ஒரே நாளில் ஃபில்டருக்கு வந்து சேரும். முதலில் வடித்து, டேங்கைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, அதன்பின் டீசலுக்கென்றே விற்கும் கிருமிக்கொல்லியைக் குறிப்பிட்ட அளவில் சேர்க்க வேண்டும். அது நஞ்சு, கையுறை அவசியம். வீட்டில் இருக்கும் பிளீச்சிங் பவுடர், பினாயில் எதுவும் இதற்கு ஆகாது.

டீசலில் பெட்ரோல் கலக்கவே கலக்காதீர்கள். டேங்கே வெடிக்கும் அபாயம் உண்டு. மண்ணெண்ணெய் கலந்தால் பம்புக்கு டீசல் தரும் வழவழப்புக் குறைந்து தேய்மானம் கூடும். வேட்டித் துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது, நூல் தும்பு வேறு உள்ளே போகும்.

மிக முக்கியமானது ஒன்று. குழாயை வாயில் வைத்து டீசலை உறிஞ்சும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எடுக்கும்போது அது நுரையீரலுக்குப் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கையால் அழுத்தும் பம்பு சொற்ப விலைக்குக் கிடைக்கிறது.

வடித்தெடுத்த அழுக்கு டீசலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது ஏரிக்குப் போகும். மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் சேகரிப்போருக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

யார் பொறுப்பு?

மேலே சொன்ன எதுவும் செலவு பிடிக்கும் வேலையோ கடினமான வேலையோ அல்ல. ஆனாலும் நடப்பதில்லை. சொந்த டிராக்டரைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கும் நாம், பொது ஜெனரேட்டரை "யாராவது பார்ப்பார்கள்" என்று விட்டுவிடுகிறோம். பலரின் நன்கொடையில் வாங்கிய பொருள் நம் கையில் இருக்கும் அமானிதம். அதை வாங்கிய நாளில் படம் எடுத்துக்கொள்வதோடு பொறுப்பு முடிவதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகச் சோழர் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலைத் தேர்தலுக்காக உலகமே அவற்றைப் பேசுகிறது. அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரி எல்லோருக்கும் சொந்தம் என்பதாலேயே, அதைப் பார்த்துக்கொள்ளச் சிலரைப் பெயர் சொல்லிப் பொறுப்பில் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பொறுப்பு கைமாறியது.

ஏரியில் வண்டல் படிவது போலத்தான் டேங்கில் கசடு படிவதும். ஏரியைத் தூர் வார வேண்டும், மதகைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும், ஒவ்வொரு மதரஸாவிலும், திருமண மண்டபத்திலும் உள்ள ஜெனரேட்டருக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கையில் ஒரு நோட்டு, ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு மாற்று ஃபில்டர் கொடுங்கள். ஆண்டு முடிந்ததும் வேறொருவரிடம் மாற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எங்கள் அலுவலகத்தில் இளைஞர்களுக்கு ஃபில்டர் மாற்றவும் ஏர் எடுக்கவும் செய்முறையாகக் கற்றுத்தர எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் வரலாம். வரும்போது உங்கள் டேங்கின் அடியிலிருந்து பிடித்த அரை லிட்டர் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொண்டுவாருங்கள். பாடத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.

– செயலாளர்